நகரின் நடுவே எஞ்சிய 23 ஏக்கர் காடு

செந்தூலில் எல்ஆர்டி ஏறினால் நகரை நோக்கி அடுத்த நிலையம் தித்திவங்சா. அங்கே மோனோரயிலுக்கு மாறி மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் புக்கிட் நானாஸ். கோலாலம்பூர் கோபுரம் நிற்கும் குன்று என்றுதான் பலருக்கும் அது தெரியும். கோபுரத்தைச் சுற்றி இருப்பது யாரோ நட்டு வளர்த்த பூங்கா அன்று. நகரம் தோன்றும் முன்பே இங்கிருந்த மழைக்காட்டின் மிச்சம்.

எப்போதிலிருந்து பாதுகாப்பு?

1906-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் இதை வனக் காப்பகமாக கெஜட்டில் அறிவித்தது. நாட்டின் மிகப் பழைய வனக் காப்பகங்களில் இது ஒன்று. அப்போது பரப்பு 17.5 ஹெக்டேர், அதாவது சுமார் 43 ஏக்கர். இன்று இருப்பது 9.37 ஹெக்டேர், சுமார் 23 ஏக்கர். காப்பகம் என்ற பெயர் அப்படியே இருக்க, காடு ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

1996-இல் திறக்கப்பட்ட 421 மீட்டர் கோபுரத்தைக் கட்டும்போது, நூறு வயது கடந்த ஒரு ஜெலுத்தோங் மரம் குறுக்கே நின்றது. அதை வெட்டாமல் காக்க, சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் ரிங்கிட் செலவில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். ஜெலுத்தோங் பால் வடியும் மரம்; அதன் பால் ஒரு காலத்தில் சுவிங்கம் தயாரிக்கப் போனது.

அழிந்தால் மறுபடி நடமுடியாதா?

மரம் நடலாம், பழங்காட்டை நடமுடியாது. இக்காடுகளின் பெருமரங்களான மெராந்தி, கெருயிங் போன்றவை குங்கிலிய மரத்தின் உறவினம். இவை ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். விதைகளோ சில வாரங்கள்கூடத் தாங்காது. விதைநெல்போல எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்க வழியில்லை. இறக்கை முளைத்த காய்கள்கூடப் பெரும்பாலும் தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஆகவே தாய்மரங்கள் போய்விட்டால் அடுத்த தலைமுறையும் இல்லை.

பரப்பு குறைந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. விளிம்பில் வெயிலும் காற்றும் புகுந்து ஈரத்தை உறிஞ்சும். வெளிச்செடிகள் உள்ளே நுழையும். சிறிய காட்டில் விளிம்புதான் அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்கீழ் காப்பக நிலத்தை மாநில அரசு அந்தப் பாதுகாப்பிலிருந்து விடுவிக்கலாம். 2022-இல் வந்த திருத்தம், அதற்கு முன் பொது விசாரணை நடத்துவதையும் ஈடாக அதே அளவு நிலத்தைச் சேர்ப்பதையும் கட்டாயமாக்கியது. ஆனால் நிலமும் காடும் மாநில அதிகாரத்தில் உள்ளவை. ஒவ்வொரு மாநிலமும் ஏற்றால்தான் திருத்தம் அங்கே செல்லும். ஈடாகச் சேரும் நிலம் பரப்பைத்தான் சரிக்கட்டும், பழங்காட்டைக் கொண்டுவராது.

பொதுமக்கள் பேச்சுக்கு மதிப்புண்டா?

உண்டு. வட கோல லங்காட் வனக் காப்பகத்தை விடுவிக்கும் அறிவிப்பு 2020 பிப்ரவரியில் வந்தது. ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம். ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தும், 2021 மே மாதம் சுமார் 536 ஹெக்டேரை சிலாங்கூர் அரசு நீக்கியது. எதிர்ப்பு ஓயவில்லை. செப்டம்பரில் அந்த முடிவை அரசு திரும்பப் பெற்றது.

இத்தகைய அறிவிப்புகள் செய்தித்தாளின் மூலையில் சிறிய எழுத்தில்தான் வரும். கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். கெடு முடிவதற்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுதி அனுப்புங்கள்.