உங்களுக்குத் தெரியுமா? வினைச்சொல்லின் வால்

● ஆங்கிலத்தில் நிகழ்கால வினைக்கு இருப்பது ஒரே ஒரு வால்: ஓர் 'எஸ்'. அதுவும் அவன், அவள், அது என்ற ஒருமைக்கு மட்டும். வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது என்று நாள் முழுக்க வாலை மாற்றி மாற்றிப் பேசுகிற விளாத்திகுளத்துப் பிள்ளை, பரீட்சையில் 'ஹி கம்' என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடுகிறது!

● அந்த 'எஸ்'ஸும் சில நேரம் ஒட்டாது. 'ஹி நீட்ஸ் மணி' சரி. 'ஹி நீட் நாட் கம்' என்பதும் சரி. 'டேர்' என்ற வினைக்கும் இதே இரட்டை வேஷம். கேட்டில் நாய் படத்தோடு தொங்கும் 'பிவேர்' இன்னும் விசித்திரம். 'ஹி பிவேர்ஸ்' என்று இன்றைய ஆங்கிலத்தில் யாரும் எழுதுவதில்லை. அது ஏவலாக வரும்; இல்லையென்றால் 'டு', 'மஸ்ட்' போன்றவற்றின் பின்னால் வரும்.

● தமிழிலும் வாலை ஆட்டாத வினைகள் உண்டு. எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், கலெக்டருக்கும் தெரியும். வேண்டும், போதும், பிடிக்கும் எல்லாம் இந்த ஜாதிதான்.

● சங்கப் பாடல்களில் 'வருகிறான்' போன்ற வடிவத்தைத் தேடினால் களைத்துப் போவீர்கள். நிகழ்காலத்துக்கும் சேர்த்து அன்று உழைத்தது 'செய்யும்' என்ற வாய்பாடு. 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்று இன்றும் சொல்கிறோமே, அதன் மிச்சம்தான். பிற்காலத்து நன்னூல் ஆநின்று, கின்று, கிறு என மூன்று நிகழ்கால இடைநிலைகளைச் சொல்கிறது. முதலாவது வழக்கொழிந்து போயிற்று.

● 'வருகிறது' உண்டு, 'வருகிறன' கிடையாது. அஃறிணைப் பன்மைக்குக் 'கின்று'தான் வேண்டும்: வருகின்றன. ஆனால் வைப்பாற்றங்கரையில் மேய்ந்து திரும்பும் கிடை முழுவதையும் பார்த்து யாராவது 'ஆடுகள் வருகின்றன' என்பார்களா? 'ஆடெல்லாம் வருது', அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் வந்தால் மட்டும் 'அவுக வாராக' என்று வால் மரியாதையோடு நீளும்.

● கரிசல்காட்டில் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. ஏட்டுத் தெலுங்கில் 'அவள் வருகிறாள்', 'அது வருகிறது' இரண்டுக்கும் ஒரே வினைதான்: வஸ்துந்தி. பெண்ணுக்குத் தனி வால் இல்லை. பல பெண்கள் சேர்ந்து வந்தாலோ, ஆண்களுக்குள்ள பன்மை வால் கிடைத்துவிடும்! மலையாளம் இந்த வம்பே வேண்டாமென்று வாலை மொத்தமாக நறுக்கிவிட்டது.

● தமிழ் வினைகளை லத்தீன் இலக்கண முறையில் முதன்முதலில் வரிசைப்படுத்திய ஐரோப்பியர் உட்கார்ந்து எழுதியது நம் முத்துக்குளித்துறையில். போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்றிக் ஹென்றிக்கஸ், 1549 வாக்கில். கடற்கரை மக்களின் அன்றாடப் பேச்சும் அதில் பதிவாகியிருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'மும் இவர் கைவண்ணமே. இலக்கணத்தின் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹெய்னும் வி.எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. தமிழாசிரியர்கள் தேடிப் படியுங்கள்.