தென்னையின் உட்பகையும் ஒலி சாஸ்திரமும்

தென்னைக்கு நேரும் கேடுகளில் சிவப்புக் கூன்வண்டினால் விளைவது மிகக் கொடியதாகும். தாய் வண்டு மரத்திலுள்ள காயங்களில் முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் காலற்ற புழு உட்புறம் துளைத்துச் சென்று, மிருதுவான பாகங்களைத் தின்று வளரும். நடுக்குருத்து வாடிச் சாயும்போதுதான் பலர் இதனை அறிகின்றனர். தென்னைக்கு வளர்முனை ஒன்றே. அது அழிந்தபின் எம்மருந்தும் மரத்தை மீட்காது. ஆதலின் புழுவை முன்கூட்டியே கண்டறிதல் இன்றியமையாதது.

தாக்குண்ட மரத்தில் செவியை வைத்துக் கேட்டால், புழு நாரைக் கடிக்கும் ஓசை சில சமயம் புலப்படுமென்பது குடியானவர்கள் அறிந்ததே. ஆயின் வெறுஞ் செவிக்கு அது எட்டுங்கால் சேதம் பெரும்பாலும் முற்றியிருக்கும். அவ்வோசையை முந்திக் கேட்பதற்கே ஒலி சாஸ்திர நிபுணர்கள் உழைத்து வருகின்றனர்.

இம்முயற்சி புதிதன்று. ரேடியோ முறைகளைப் பூச்சி ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது பற்றித் தென்னாப்பிரிக்காவில் பிரெய்ன் என்பார் 1924-ஆம் ஆண்டிலேயே எழுதினார். தானிய மணிக்குள் மறைந்திருக்கும் பூச்சியை ஓசையால் அறியும் முறையை, அமெரிக்காவிலுள்ள கான்ஸாஸ் ஆராய்ச்சியாளர்கள் 1953-ல் வெளியிட்டனர். 1980-களில் கூன்வண்டு வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோப்புகளிலும் பரவியது. அதன்பின் பனையினத்து மரங்களில் இவ்வாராய்ச்சி வலுப்பெற்றது.

முறை வருமாறு: மரத்தில் சிறு திருகாணியொன்றைச் செலுத்தி, அதில் அதிர்வை உணரும் கருவியைப் பொருத்துவர். புழு நாரை அறுக்குந்தோறும் எழும் நுண்ணிய அதிர்வைக் கருவி மின்னலையாக மாற்றிப் பெருக்கிக் காட்டும். காற்றின் இரைச்சலும் வண்டிகளின் ஓசையும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் தொடர்ந்து ஒலிப்பவை. புழுவின் ஓசையோ மிகக் குறுகிய துடிப்புகளாய், கொத்துக் கொத்தாய் எழும். இவ்வேற்றுமையைக் கொண்டே நிபுணர்கள் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிகின்றனர். இரைச்சல் அடங்கிய வேளையே சோதனைக்கு ஏற்றது.

எனினும் இதற்கும் எல்லையுண்டு. முட்டையும் கூட்டுப்புழுவும் நாரைக் கடிப்பதில்லை; புழுவும் ஓயாது தின்பதில்லை. எனவே ஒருமுறை ஓசை கேளாமையால் மரம் குற்றமற்றதெனத் துணிதல் கூடாது. சில நாட்கள் விட்டு மீண்டும் சோதித்தல் வேண்டும். சோதனைக்கென இட்ட துளையையும் உடனே அடைத்தல் அவசியம். இல்லையேல் அதுவே வண்டுக்கு வழியாகும்.

கருவி கிட்டாத தோட்டக்காரர்கள் செய்யத்தக்கதும் உண்டு. மரத்தைக் காயப்படுத்தாதீர்கள். பச்சை மட்டையை வெட்ட நேரின், அடியில் சுமார் 4 அடி விட்டு வெட்டுங்கள். காண்டாமிருக வண்டைத் தடுங்கள். அது துளைத்த புண்களைக் கூன்வண்டு நாடி வரும். தண்டில் துளையோ, செந்நிறச் சாறோ, சவைத்த நாரோ காணின், அன்றே வேளாண்மை அலுவலருக்குத் தெரிவியுங்கள். ஒரு மரத்தில் தங்கும் புழுக்கள் வண்டாகி வெளிவரின், தோப்பு முழுவதற்கும் ஆபத்தாம்.