ஹெட்போனில் ‘ம்ம்ம்’ இரைச்சல்: காரணம் தறியா, சார்ஜரா?

சோளிங்கரை ஒட்டி, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆர்.கே.பேட்டை. இங்கும், சுற்றியுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கமும் விசைத்தறிதான் பலருக்குப் பிழைப்பு. பகலில் தெருவில் நடந்தாலே தறிச் சத்தம் காதில் விழும். வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவர் அந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்க ஹெட்போனை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயும் அடியில் ‘ம்ம்ம்...’ என்று ஒரு இரைச்சல். மீட்டிங்கில் எதிர்முனையில் இருப்பவர் வேறு, "உங்க லைன்ல ஏதோ இரையுதே" என்கிறார்.

உடனே பழி பக்கத்து வீட்டுத் தறி மோட்டார் மீது விழும். இல்லையென்றால் "நம்ம ஊரு கரன்ட்டே அப்படித்தான்" என்ற பெருமூச்சு. ஆனால் பெரும்பாலும் கோளாறு இருப்பது மேஜைக்கு அடியில், சார்ஜர் சொருகியிருக்கும் இடத்தில்.

அந்த ‘ம்ம்ம்’ எங்கிருந்து வருகிறது?

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸ் என்பது அதுதான். அமெரிக்காவில் இது 60. இந்த அதிர்வு ஆடியோ லைனுக்குள் கசிந்தால் அடித்தொண்டையில் முனகுவது போலக் கேட்கும். ஊருக்கு ஊர் இது மாறாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னிந்திய மின்தொகுப்பும் நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைந்துவிட்டது. அன்று முதல் ஆர்.கே.பேட்டை, நகரி, டெல்லி எல்லாம் ஒரே தாளத்தில்தான் ஓடுகின்றன. அந்தத் தாளம் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி.

சில நேரம் இரைச்சல் ‘கிர்ர்ர்’ என்று கொஞ்சம் கூர்மையாக இருக்கும். அதில் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்திருக்கும். ஆண் குரலின் அடிச் சுருதி கிட்டத்தட்ட இதே இடத்தில் வருவதால், பேச்சைக் கேட்கும்போது இந்த வகைதான் அதிகம் எரிச்சலூட்டும். எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர் லைட், மலிவான இன்வெர்ட்டர் ஆகியவை வழக்கமான காரணங்கள். ஃபேனை அணைத்துப் பாருங்கள், அல்லது ரெகுலேட்டரை முழு வேகத்துக்குத் திருப்பிப் பாருங்கள். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் ‘கிர்ர்’ கேட்டால், அது சைன் வேவ் வகைதானா என்று முதலில் விசாரியுங்கள்.

தறி மோட்டாருக்கு இதில் பங்கு குறைவு. பெரும்பாலான தறிகளில் இருப்பது பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். ஸ்விட்ச் போடும்போது காதில் ஒரு ‘டக்’ கேட்கலாம். விடாமல் முனகுவது வேறு ஆள்.

ஒரு நிமிட சோதனை

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் நின்றுவிட்டதா? வழக்கு பாதி முடிந்தது.

சார்ஜருக்குள் மின்காந்தத் தொந்தரவைக் குறைப்பதற்காக ஒரு சின்ன கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் வெளியீட்டுப் பக்கம் கசியும். எர்த் கம்பி இருந்தால் அது அப்படியே பூமிக்குப் போய்விடும். இல்லாவிட்டால் லேப்டாப் உடம்பிலேயே தங்கி, ஹெட்போன் வயர், ஆம்ப்ளிஃபயர் என்று வழி தேடும். லேப்டாப்பின் உலோகப் பகுதியை விரலால் தடவினால் லேசாக ‘சுர்ர்’ என்று கூசுவதும் இதனால்தான். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியக்கூடச் செய்யும்.

‘என் சார்ஜர் மூணு பின்தானே?’ என்பீர்கள். அதை ரெண்டு பின் கன்வர்ட்டரில் சொருகியிருந்தால் மூணாவது பின்னுக்கு வேலையே இல்லை. மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சிலவற்றில் மூணாவது ஓட்டை வெறும் அலங்காரம். உள்ளே ரெண்டு கம்பிதான் ஓடும். பழைய வீடுகளில் சுவர் சாக்கெட்டிலேயே எர்த் கம்பி இணைக்காமல் விட்டிருப்பதும் உண்டு.

எர்த் சரியாக இருந்தும் இரைகிறதா?

தனி ஆம்ப்ளிஃபயர் வைத்துக் கேட்பவர்களுக்கு வரும் சிக்கல் இது. லேப்டாப் ஒரு சாக்கெட்டில், ஆம்ப் எதிர்ச் சுவரில் இன்னொரு சாக்கெட்டில். இரண்டுக்கும் எர்த் உண்டு, நடுவே ஆடியோ வயரும் உண்டு. இப்போது எர்த் கம்பியும் ஆடியோ வயரும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிட்டது. இதைத்தான் ‘கிரவுண்ட் லூப்’ என்கிறார்கள். இரண்டு எர்த் முனைகளுக்கும் இடையே இம்மியளவு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் அந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் சுற்றும்.

முதல் வைத்தியத்துக்குக் காசு தேவையில்லை. இரண்டையும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள். ஆடியோ வயரைக் கரன்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அப்படியும் போகாவிட்டால் ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ வாங்கலாம். அதை லேப்டாப்புக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் போட வேண்டும்; ஆம்ப்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் போட்டால் பேஸ் சத்தம் சொத்தையாகிவிடும். கருவிகளில் ஆப்டிகல் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஒளியாகப் போகும் சிக்னலில் மின்சாரத்துக்கு வழியே கிடையாது.

பின்னை மட்டும் உடைக்காதீர்கள்

‘எர்த் பின்னை உடைச்சா இரைச்சல் போயிடும்’ என்று யாராவது சொல்வார்கள். லூப் இருந்தால், உண்மையிலேயே போய்விடும். அதுதான் ஆபத்து. நம் ஊர் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சொருகும்போது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும் என்பதற்காக அதை நீளமாகச் செய்திருக்கிறார்கள். உள்ளே ஃபேஸ் கம்பி அறுந்து ஆம்ப்பின் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால், அந்த மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுபோவது அந்தப் பின்தான். அது இல்லாவிட்டால் 230 வோல்ட்டும் உடம்பிலேயே காத்திருக்கும். அதோடு இணைந்த ஹெட்போன் உங்கள் தலையில் இருக்கிறது.

எலெக்ட்ரீஷியன் வந்தால் இரண்டே அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 230 வோல்ட் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் போதும். மீட்டர் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் அப்போதே போட்டுக்கொள்ளலாம். கரி, உப்பு போட்ட பழைய எர்த் குழியாக இருந்தால், கத்திரி வெயிலில் அது காய்ந்து போயிருக்கும்; ரெண்டு குடம் தண்ணி ஊற்றிவிட்டு மறுபடி ஹெட்போனை மாட்டிக் கேளுங்கள்.