மூன்று மாதம் மறைக்கலாமா?

“மூணு மாசம் முடியட்டும். அதுவரை யார் காதிலும் போடாதே. கண் பட்டுவிடும்!”

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், பல வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் முதல் வார்த்தை இது. ஆசையினால் சொல்வதுதான், தவறு என்று சொல்வதற்கில்லை.

ஊராருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒருவருக்கு மட்டும் உடனே சொல்லிவிட வேண்டும். அவர்தான் அந்த ஊர் சுகாதார நர்சு. பட்டணத்தில் இருப்பவர்கள், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லலாம்.

12 வாரத்துக்குள் சொல்லிப் பெயரைப் பதிவு செய்துகொள்வது நல்லது. மறைத்தால் நஷ்டம் தாய்க்கும் சேய்க்கும்தான்!

முதல் வாரங்களில் என்ன நடக்கிறது?

குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் உருவாகத் தொடங்குவது முதல் சில வாரங்களில்தான். அதற்கு உதவும் போலிக் அமில மாத்திரையை அப்போதே சாப்பிட வேண்டும். ரத்த சோகை இருக்கிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா என்பதையும் சீக்கிரம் பார்த்துவிடலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கெல்லாம் காசு இல்லை.

12 இலக்க நம்பர்

பெயரைப் பதிவு செய்ததும் கர்ப்பிணிக்கு 12 இலக்க நம்பர் ஒன்று கிடைக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண், அந்த நம்பரையும் பரிசோதனை அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். பிறகு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் அந்த நம்பரைக் கேட்பார்கள்.

18 ஆயிரம் ரூபாய்

தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேறு உதவி வழங்கப்படுகிறது.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, டாக்டருக்குப் படித்து, சென்னை சட்ட மேல்சபைக்குச் சென்ற முதல் பெண்மணி அவர். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்ததும் அவர் முயற்சியால்தான்.

2006-ல் இந்த உதவித் தொகை 6 ஆயிரம் ரூபாயாயிற்று. 2011-ல் 12 ஆயிரமாகி, பிறகு 18 ஆயிரமாக உயர்ந்தது. இதில் 14 ஆயிரம் பணம். மீதி 4 ஆயிரத்துக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டிகள். அவற்றில் சத்து மாவு, இரும்புச் சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் இருக்கும்.

பணம் ஒரே தடவையில் வராது. பரிசோதனைக்குப் போவதையும், குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதையும் ஒட்டித் தவணை தவணையாக வரும். தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உண்டு.

பணம் தாயின் பாங்கிக் கணக்குக்கே வரும். ஆகவே அவள் பெயரில் கணக்கு வேண்டும். ஆதார் அட்டையில் ஒரு பெயர், பாங்கிப் புத்தகத்தில் வேறு பெயர் என்று இருந்தால் சிக்கல்தான். கல்யாணத்துக்குப் பின் பெயரையோ முகவரியையோ மாற்றியவர்கள் இதை முன்னதாகவே சரி பார்த்துக்கொள்வது நல்லது.

“பணம் வாங்கித் தருகிறேன், செல்போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால் சொல்லக் கூடாது. அது மோசடி!

பணம் கிடைக்காதவர்களுக்கு?

வயது குறைந்தவர்களும், மூன்றாவது முறை கர்ப்பமானவர்களும், “நமக்குத்தான் பணம் இல்லையே” என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. 2011-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டப்படி, அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பிரசவம் இலவசம். ஆபரேஷன், மருந்து, ரத்தம், சாப்பாடு எதற்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. குழந்தையுடன் வீடு திரும்பவும் இலவச வண்டி உண்டு.

அங்கன்வாடியில் பெயர் கொடுத்தால் சத்து மாவு கிடைக்கும். சந்தேகம் கேட்க 104. அவசரத்துக்கு 108.

வேலைக்குப் போகும் பெண்கள்

மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு வேறொரு உரிமையும் உண்டு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், சம்பளத்தோடு லீவு கிடைக்கும். 1961-ல் வந்த சட்டம் 12 வாரம் கொடுத்தது. 2017-ல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவது சட்ட விரோதம்.

இத்தனை உதவிகள் இருந்தும் அவை தாமாக வாசல் தேடி வருவதில்லை. பெயர் பதிவாகியிருந்தால்தான் வரும். நாள் தவறிவிட்டதே என்று தயங்கவும் வேண்டாம். ஐந்தாம் மாதமானாலும் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம்.

நாள் தள்ளிப்போன மறு வாரமே நர்சம்மாவைப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். கண்ணும் படாது!