பைசாந்தியச் செப்புக்காசு: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

பைசாந்தியச் செப்புக்காசு ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைத் திருப்பிப் போடுங்கள். முன்பக்கத்து முகத்தை வைத்து அரசர் யார் என்று கண்டுபிடிக்க முயல்வதில்தான் புதிதாகச் சேர்ப்பவர்கள் பலரும் நேரத்தை வீணாக்குகிறார்கள். ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர்கள் காசில் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருப்பார்கள். கைமாறிக் கைமாறி மூக்கும் கண்ணும் தேய்ந்தபிறகு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய வழியே இருக்காது. பின்பக்கம் அப்படியல்ல. காசின் மதிப்பு, அடித்த ஊர், அடித்த பட்டறை, அடித்த ஆண்டு என நான்கையும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். பழங்காலக் காசுகளில் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுபவை குறைவு.

பைசாந்தியம் என்று நாம் சொல்வது கிழக்கு ரோமப் பேரரசை. அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். 1453-இல் துருக்கியரிடம் வீழும்வரை அந்த அரசு நீடித்தது. ஆனால் நாணயவியலார் பைசாந்தியக் காசின் கதையை 498-ஆம் ஆண்டில் தொடங்குவதே வழக்கம். அதற்கு முன் புழங்கிய செப்புக்காசின் பெயர் நும்மஸ். எடை ஒரு கிராம்கூட வராது, அளவு சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு முந்தைய தலைமுறைச் சிறு செப்புக்காசுகள் தமிழகத்துக்கும் வந்திருக்கின்றன. கரூரில் அமராவதிப் படுகையிலும் மதுரையில் வைகைப் படுகையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக்காசுகளை ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி தேடிச் சேர்த்து, நூலாகவே வெளியிட்டார். அந்தக் காசுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும், அவ்வளவு சிறிய செம்பை எண்ணி எண்ணிக் கொடுத்து ஒரு நாள் வியாபாரத்தை நடத்துவது எத்தனை பெரிய தொல்லையாக இருந்திருக்கும் என்று.

அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் பேரரசர் அனஸ்தாசியஸ். 498-இல் அவர் 40 நும்மஸ் மதிப்புள்ள பெரிய காசை அடிக்கச் செய்தார். அதுதான் ஃபாலிஸ். அதன் பின்பக்கத்தை நிறைத்து நிற்கும் ‘எம்’ வடிவ எழுத்து எந்தப் பெயரின் முதலெழுத்தும் அல்ல. பழைய தமிழ்க் கணக்கில் க, உ என்ற எழுத்துகள் ஒன்றையும் இரண்டையும் குறித்ததுபோல், கிரேக்கர்களும் எழுத்துகளையே எண்களாக எழுதினார்கள். அவர்கள் கணக்கில் ‘எம்’ என்றால் 40. ‘கே’ இருந்தால் 20, அது அரை ஃபாலிஸ். ‘ஐ’ இருந்தால் 10, ‘ஈ’ இருந்தால் 5. முதலில் ஒன்பது கிராம் அளவில் இருந்த ஃபாலிஸின் எடை 512-இல் இரட்டிப்பானது. ஆகவே சிறிய ‘எம்’ காசில் அனஸ்தாசியஸின் பெயர் இருந்தால், அது 498-க்கும் 512-க்கும் இடைப்பட்டது என்று தராசே சொல்லிவிடும்.

பெரிய எழுத்துக்குக் கீழே, காசின் அடிப்பகுதியில், ஊர்ப்பெயரின் சுருக்கம் இருக்கும். ‘சி-ஓ-என்’ என்றால் கான்ஸ்டான்டிநோபிள். ‘என்-ஐ-கே’ என்று தொடங்கினால் நிக்கோமீடியா. ‘கே-ஒய்-இசட்’ என்றால் கிசிகஸ். ‘டி-எச்-ஈ-யு-பி’ என்று வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். அது சிரியாவின் அந்தியோக்கியா. 526-இலும் 528-இலும் அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்கள் அந்த நகரைத் தரைமட்டமாக்கின. இனியாவது இறைவன் காக்கட்டும் என்று ஊரின் பெயரையே ‘தியோபோலிஸ்’, அதாவது கடவுளின் நகரம், என மாற்றினார்கள். புதிய பெயர் காசிலும் ஏறியது. அதனால் ஆண்டு தேய்ந்துபோன காசாக இருந்தாலும், இந்த ஐந்தெழுத்து தெரிந்தால் அது 528-க்கு முன் அடித்ததல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். எகிப்தின் அலெக்சாந்திரியா தனி வழியில் போனது. அங்கே ‘எம்’ வழக்கத்தில் இல்லை. தடித்த சிறு காசில் ‘ஐ’, ‘பி’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும், மதிப்பு 12 நும்மஸ்.

‘எம்’மின் இரு கால்களுக்கு நடுவே இருக்கும் சிறிய எழுத்து பட்டறையின் எண். கான்ஸ்டான்டிநோபிளில் ஐந்து பட்டறைகள் இயங்கின. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் ஐந்து எழுத்துகள் அவற்றைக் குறித்தன.

ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் வந்தது. அவர் ஆட்சியின் 12-ஆம் ஆண்டான 538-39-இல் காசின் முகமே மாறிப்போனது. அதுவரை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த பேரரசர் இப்போது நேராக நம்மைப் பார்க்கிறார். தலையில் இறகு சூடிய தலைக்கவசம், உடலில் போர்க்கவசம், வலக்கையில் சிலுவை பொருத்திய உருண்டை, இடத்தோளை ஒட்டிக் கேடயம். காசைத் திருப்பினால் ‘எம்’முக்கு இடப்பக்கம் மேலிருந்து கீழாக ‘அன்னோ’ என்ற லத்தீன் சொல், அதாவது ஆண்டு. வலப்பக்கம் ரோம எண்கள். பத்து, அதன்கீழே மூன்று கோடுகள் என்றால் 13-ஆம் ஆட்சியாண்டு. இந்தக் காசுகள் 40 மில்லிமீட்டர் அகலமும் 20 கிராமுக்கு மேல் எடையும் கொண்டவை. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். பைசாந்தியச் செம்பில் இவ்வளவு பெரியது முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சேகரிக்கத் தொடங்குபவர் ஒரே ஒரு காசுதான் வாங்கப்போகிறார் என்றால் இதைத்தான் நான் சொல்வேன். படிக்கவேண்டிய எல்லாம் பெரிதாக, அதனதன் இடத்தில் இருக்கும். ஆண்டு எண்ணில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆறு என்ற எண்ணுக்குப் பல காசுகளில் ‘வி’யும் ‘ஐ’யும் வராது. கொக்கிபோல் வளைந்த ஒரு கிரேக்கக் குறி வரும். அதைப் பட்டறை எழுத்து என்று நினைத்துக் குழம்புபவர்கள் நிறைய.

முகம் உதவும் இடங்களும் இல்லாமல் இல்லை. அரசரும் அரசியும் அருகருகே அரியணையில் அமர்ந்திருந்தால் பெரும்பாலும் இரண்டாம் ஜஸ்டினும் சோபியாவும்தான். கூர்தாடி என்றால் ஃபோக்காஸ். மார்புவரை தொங்கும் நீண்ட தாடி என்றால் இரண்டாம் கான்ஸ்டன்ஸின் பிற்காலம்.

ஏழாம் நூற்றாண்டுக்கு வந்தால் காசே காயம்பட்டதுபோல் இருக்கும். பாரசீகத்துடன் நெடும்போர், அதன்பின் அரேபியரிடம் சிரியாவும் எகிப்தும் கைவிட்டுப் போனது என்று அரசு திணறிய காலம் அது. அப்போதைய பேரரசர் ஹெராக்ளியஸின் ஆட்களுக்குப் புதுச் செம்பை உருக்கித் தகடு வார்க்கப் பொறுமையில்லை. முந்தைய அரசர்களின் காசுகளை எடுத்து, சில சமயம் வெட்டிச் சிறிதாக்கி, அவற்றின் மேலேயே புது அச்சை வைத்து அடித்தார்கள். இதை மறு அச்சு என்கிறோம். மேசை விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைத்துக் காசை மெல்லச் சுழற்றுங்கள். நிற்கும் அரசரின் காலுக்குக் குறுக்கே பழைய ‘அன்னோ’வின் இரண்டு எழுத்துகள் எழும்பித் தெரியும். ‘எம்’முக்கு அடியில் ஃபோக்காஸின் தாடி தெரியலாம். பலர் இதை அசிங்கமான காசு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கோ பைசாந்தியச் செம்பிலேயே அரியவை இவைதான். எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி வேறு கிடையாது.

அந்தச் சாட்சியின் பலம் முழுதாகத் தெரிவது பெயரில்லா ஃபாலிஸ்களில். பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட ஜான் சிமிஸ்கெஸ் (969–976) செப்புக்காசிலிருந்து தன் படத்தையும் பெயரையும் எடுத்துவிட்டு இயேசுவின் உருவத்தைப் பொறிக்கச் செய்தார் என்று ஸ்கைலிட்ஸஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். முன்பக்கத்தில் சிலுவையோடு கூடிய ஒளிவட்டம், கையில் மணிகள் பதித்த நற்செய்தி நூல். பின்பக்கத்தில் நான்கு வரிகளில் ‘இயேசு கிறிஸ்து, அரசர்க்கெல்லாம் அரசர்’ என்று எழுத்துகள். ‘எம்’ இல்லை, ஊர் இல்லை, ஆண்டும் இல்லை. 1092-இல் அலெக்சியஸ் கொம்னெனஸ் நாணயத்தைச் சீரமைக்கும்வரை ஏறத்தாழ 120 ஆண்டுகள் இந்த வழக்கமே மேலோங்கியிருந்தது. அரசர் பெயரே இல்லாத காசு எந்த அரசருடையது என்று எப்படிச் சொல்வது?

இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர் ஆல்ஃபிரட் பெலிங்கர். 1928-இல் அவர் இவற்றை உருவ அமைப்பைப் பார்த்து வகைபிரித்தார். ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவில் அகழ்ந்த காசுகளை ஆராய்ந்த மார்கரெட் தாம்சன் 1954-இல் அந்த வரிசையைச் செப்பனிட்டார். ‘ஏ’, ‘பி’, ‘சி’ எனத் தொடரும் வகைகள் இன்றும் நிற்கின்றன. வழி எளிது. ‘ஏ’ வகைக் காசின் மேல் ‘பி’ வகை அச்சு விழுந்திருந்தால் ‘பி’ பிந்தியது. பெயர் பொறித்த அரசரின் காசு ஒன்று இந்த அடுக்கில் மேலோ கீழோ வரும்போது வரிசைக்கு ஆண்டும் கிடைத்துவிடுகிறது. இப்படித்தான் படியின்மேல் சிலுவை நிற்கும் ‘பி’ வகை மூன்றாம் ரோமானஸுக்கும், சிலுவையின் நான்கு மூலைகளில் எழுத்துள்ள ‘சி’ வகை நான்காம் மைக்கேலுக்கும் போய்ச் சேர்ந்தன. ‘ஏ’ வகைக்குள்ளேயே பல உட்பிரிவுகள் உண்டு. ஒளிவட்டச் சிலுவையின் கைகளில் எத்தனை புள்ளி, நூலின் அட்டையில் எத்தனை புள்ளி, பின்பக்க எழுத்துகளுக்கு மேலும் கீழும் என்ன அலங்காரம் என்று பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து எண்ணவேண்டும்.

1092-க்குப் பிறகு வரும் கிண்ணம்போல் குழிந்த ட்ராகி காசுகளைப் புதியவர்கள் கொஞ்ச காலம் தள்ளி வைக்கலாம். அச்சு பாதிதான் விழுந்திருக்கும், பெயர் விளிம்போடு போயிருக்கும். அரபு எழுத்தும் ‘எம்’மும் சேர்ந்து வந்தால் திகைக்க வேண்டாம். சிரியாவைப் பிடித்த தொடக்க காலத்தில் அரேபியர் பைசாந்தியக் காசின் அமைப்பிலேயே அடித்தவை அவை.

அடையாளம் காண எடை, விட்டம், இரண்டு பக்கத்துப் படம் மூன்றும் வேண்டும். டேவிட் சியர் எழுதிய கையேட்டின் எண்ணே சேகரிப்பாளர்களுக்கு இடையே முகவரி. ‘சியர் 163’ என்றால் கான்ஸ்டான்டிநோபிளில் அடித்த ஜஸ்டினியனின் ஆண்டு பொறித்த ஃபாலிஸ் என்று உலகெங்கும் புரியும். வாஷிங்டனில் உள்ள டம்பார்டன் ஓக்ஸ் ஆய்வு நிறுவனம் தன் காசுத் தொகுப்பை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் தேட வேண்டாம்.

காசைப் புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அமிலம் பட்டால் கெட்டியான பச்சைக் களிம்போடு எழுத்தும் சேர்ந்தே போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை நீக்கினால் போதும். வெளிர்பச்சையில் மாவுபோல் பூத்தால் மட்டும் உடனே கவனியுங்கள். செம்புக்குள் இருக்கும் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து காசை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சென்னைபோன்ற கடலோர ஊர்களில் இந்த அபாயம் அதிகம் என்பதால், அத்தகைய காசைத் தனியே பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவேண்டும். எழுத்துகளுக்கு நடுவே மட்டும் ஒரே சீராக மணல் நிறம் அப்பியிருந்தால், விற்பவர் பூசியதாக இருக்கலாம். விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிந்தால் காசே போலி.

வாங்குமுன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் முக்கியம். துருக்கியில் மண்ணிலிருந்து எடுக்கும் பழங்காசு அரசுக்குச் சொந்தம், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். பழைய சேகரிப்பு, ஏலப் பட்டியல் என்று காகிதம் உள்ள காசை மட்டும் வாங்குங்கள். இந்தியாவிலும் நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.