நீல வாணம் ஏன் அரிது?

இந்திய வாணவேடிக்கையின் வரலாற்றைச் சுவடிகளில் தேடித் தொகுத்தவர் பி. கே. கோடே, புனே பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் காப்பாளர். 1400 முதல் 1900 வரையிலான அந்த வரலாற்றை 1953-இல் வெளியிட்டார். அதில் அவர் ஆராயும் சுவடிகளில் ஒன்று, ஒடிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரரின் ‘கௌதுக சிந்தாமணி’. வெடியுப்பு, கந்தகம், கரி, இரும்புத்தூள் சேர்ந்த மருந்துக் கலவைகள் அதில் உண்டு.

இந்தச் சரக்குகளில் பொன்னிறமும் ஆரஞ்சும்தான் எடுப்பாக வரும். கரித்துகளும் இரும்புத்தூளும் கொல்லன் உலையில் காய்ந்த கம்பிபோல் தகதகக்கும். சூட்டின் அளவே அந்த நிறத்தைத் தீர்மானிக்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் வழி வேறு. சுடரில் ஆவியாகும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளியை உமிழும். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம், சோடியம் 589 நானோமீட்டரில் மஞ்சள். உப்புப் போட்ட உலை பொங்கி அடுப்பில் வழிந்தால் தெரிவதும் அதே மஞ்சள்தான்.

உலோகம் இருந்தால் மட்டும் போதாது, குளோரினும் வேண்டும். பேரியம் குளோரினோடு சேர்ந்த மூலக்கூறுதான் அடர்பச்சையைத் தருகிறது. பிரெஞ்சு வேதியியலர் பெர்தோலே 1780-களில் உருவாக்கிய பொட்டாசியம் குளோரேட், 19-ஆம் நூற்றாண்டில் வாணக்காரர்கள் கைக்கு வந்தது. வானம் பல வண்ணம் கண்டது அதன் பிறகுதான். இன்று குளோரினுக்காகப் பி.வி.சி. தூளையும் சேர்ப்பதுண்டு.

நீலம்தான் பிடிகொடுக்காத நிறம். நீலம் தரும் செம்புக் குளோரைடு, சுடரின் சூடு ஏறினால் சிதைந்துவிடும். சூடு குறைந்தாலோ ஒளி மங்கிவிடும். துளி சோடியம் கலந்தாலும் மஞ்சள் முந்திக்கொள்ளும். தெளிந்த நீலம் எழுந்தால், அதைச் செய்தவர் கைதேர்ந்தவர் என்று தயங்காமல் சொல்லலாம்.

பச்சையின் சிக்கல் வேறு: நீரில் கரையும் பேரிய உப்புகள் நஞ்சு. கம்பி மத்தாப்பிலும் பேரியம் நைட்ரேட்டைத்தான் காலங்காலமாகச் சேர்த்துவந்தார்கள். பட்டாசில் பேரிய உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. 2021-இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. மருந்தை முதலில் தொடுவது சிவகாசித் தொழிலாளியின் கை, புகையை முதலில் இழுப்பது குழந்தையின் நுரையீரல். ஆகவே இந்தத் தடை சரியானதே. மாசு குறைந்த கலவைகளை நாக்பூரின் நீரி ஆய்வகம் உருவாக்கித் தந்திருக்கிறது. வாங்கும்போது பெட்டியில் நீரி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.