கிங் கிரிம்சன்: அரை நூற்றாண்டு உழைப்பின் ஆவணம்

மூன்று நான்கு நிமிடப் பாடல் என்ற வரம்பைத் தாண்டி, ராக் இசையின் மின்கிதாரோடும் டிரம்ஸோடும் ஐரோப்பியச் செவ்வியல் இசை, ஜாஸ் ஆகியவற்றின் அமைப்புகளை இணைத்து, கண்டம், மிசிரம் என நாம் அறிந்த ஐந்து, ஏழு எண்ணிக்கைத் தாளங்களையும் தயங்காமல் கையாளும் வகை ‘புரோக்ரெஸிவ் ராக்’ எனப்படுகிறது. 1969 அக்டோபரில் வெளிவந்து, இவ்வகையின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படும் இசைத்தொகுப்பை அளித்த இங்கிலாந்துக் குழுவே கிங் கிரிம்சன். கட்டையை அழுத்தினால் முன்பே ஒலிப்பதிவு செய்த காந்தநாடா ஓடி வயலின் முதலியவற்றின் ஓசையை எழுப்பும் மெல்லோட்ரான் என்ற கருவி, அத்தொகுப்புக்கு ஒரு முழு வாத்தியக்குழுவின் கனத்தைத் தந்தது.

இக்குழுவைப் பற்றி டோபி ஏமீஸ் இயக்கி 2022இல் வெளியான ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ என்னும் ஆவணப்படம், பழைய வெற்றிகளை வரிசைப்படுத்தும் வழக்கமான பாதையில் செல்லாமல், இசைக்குத் தம்மை முழுமையாக ஒப்புக்கொடுப்பவர்கள் அதற்குத் தரும் விலை என்ன என்று கேட்கிறது. அதுவே அதன் பெருமை. ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்துபோன குழுவில் தொடக்கம் முதல் நிலைத்திருந்த ஒரே கலைஞரான ராபர்ட் ஃப்ரிப், முதுமையிலும் நாள்தோறும் கிதார்ப் பயிற்சி செய்பவர். தமக்கும் பிறருக்கும் அவர் வகுத்துக்கொண்ட கடுமையான ஒழுங்கால் புண்பட்டு விலகியவர்களையும் படம் மறைக்காமல் பேச வைக்கிறது. தம் ஆசானைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய ஃப்ரிப் சொல்லிழந்து நெடுநேரம் அமர்ந்திருக்கும் காட்சியை வெட்டாமல் விட்டது இயக்குநரின் துணிவு.

எனினும் படத்தின் உயிர் பில் ரீஃப்லினிடமே இருக்கிறது. குழுவில் முன்பு டிரம்ஸ் வாசித்து, பின்னர் விசைப்பலகைக்கு மாறிய அவர், முற்றிய குடல் புற்றுநோயோடு ஊர் ஊராகப் பயணம் செய்து வாசித்தார். எஞ்சிய காலத்தை எதற்குச் செலவிடுவது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை மேடைதான். அவர் பேசும் நிதானத்தில் தன்னிரக்கத்தின் சாயலே இல்லை. 2020 மார்ச்சில் அவர் இறந்தார்.

தொடக்கக்கால உறுப்பினர் இயன் மெக்டொனால்ட், 1969இன் இறுதியில் குழுவை விட்டு நீங்கியதற்காக, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் கலங்கிய கண்களோடு ஃப்ரிப்பிடம் இப்படத்தில் வருத்தம் தெரிவிக்கிறார். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, மெக்டொனால்ட் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.